பத்துப் பேர் திடமாக இருந்தோம், ஏன் ஆடவிடவில்லை?

தென் மாவட்டம் ஒன்றிலுள்ள கலை அறிவியல் கல்லூரியிலிருந்து, அதன் ஆண்கள் கபடி அணியின் கேப்டன் நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். இறுதியாண்டு மாணவர். பெயர், ஊர், கல்லூரி ஆகியவற்றை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய வீரர் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு, மார்பிலும் முதுகிலும் சில கொப்புளங்கள் கிளம்பியிருக்கின்றன. அவர் யாரிடமும் சொல்லாமல் ஜெர்சிக்குள் மறைத்துக்கொண்டு இரண்டு நாள் பயிற்சிக்கு வந்துவிட்டு, மூன்றாம் நாள் ‘வைரல் ஃபீவர்’ என்று சொல்லி ஊருக்குப் போய், பத்து நாள் கழித்துத் தழும்புகளோடு திரும்பியிருக்கிறார். அதன் பிறகு, கல்லூரிகளுக்கிடையிலான மண்டலப் போட்டிக்கு இரண்டே நாள் இருந்தபோது, அதே விடுதியில் தங்கியிருக்கும் வேறு இரு வீரர்களுக்கு ஒரே காலையில் உடம்பெங்கும் சின்னம்மை. அன்று மாலையே அவ்விருவரும் அரசுப் பேருந்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மீதிப் பத்துப் பேரையும் விடுதியின் மாடிக் கூடத்தில் ஒன்றாகப் பாய் போட்டுப் படுக்கவைத்துவிட்டு, அணி விலகுவதாக முதல்வர் அலுவலகம் கடிதம் அனுப்பிவிட்டது. போட்டி தொடங்கிய நாளுக்கு மறுநாள் அந்தக் கூடத்திலேயே மேலும் இருவருக்கு அம்மை கண்டு, அவர்கள் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். கடிதம் அதற்கு மூன்று நாள் கழித்து எழுதப்பட்டது.

‘பத்துப் பேர் திடமாக இருந்தோம் சார், களத்தில் நிற்க ஏழு பேர் போதும், எங்களை ஏன் ஆடவிடவில்லை?’ என்பது அவருடைய முதல் கேள்வி. கூடத்தில் அடைத்துவைத்ததால்தான் கடைசி இருவருக்கும் நோய் வந்தது என்று அவர் உறுதியாக நம்புகிறார். நோயை மறைத்தவரை அணியிலிருந்து நீக்கச் சொல்லி மற்றவர்கள் மனு ஒன்றில் கையெழுத்து வாங்குகிறார்கள், தானும் போடலாமா என்று கேட்கிறார். இன்னும் மூன்று வாரத்தில் வேறொரு கல்லூரி நடத்தும் அழைப்புப் போட்டிக்குப் போகலாமா என்பது கடைசிக் கேள்வி. இவற்றுக்கு நடுவே, அடைப்புக்குறிக்குள் ஒரு செய்தியும் வருகிறது. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவரின் அக்கா, ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து அதே வீட்டில்தான் இருக்கிறாராம். அம்மைக்கு மருந்து கூடாது என்று அந்த வீட்டில் பையனுக்கு ஒரு மாத்திரைகூடக் கொடுக்கவில்லையாம்.

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். காத்திருக்க முடியாத இரண்டு செய்திகளைக் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். ஆனாலும் இதே நிலையில் வேறு வாசகர்களும் இருக்கக்கூடும் என்பதால் அவற்றை இங்கேயும் சொல்கிறேன்.

அடைப்புக்குறிக்குள் இருந்த செய்தி

உங்கள் கடிதத்தில் அவசரமானது நின்றுபோன ஆட்டமன்று, உங்கள் நண்பரின் அக்காதான். சின்னம்மை ஏற்கெனவே வந்துபோன கர்ப்பிணிக்கு, அந்த நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பதால் பெரிதாக அஞ்ச எதுவுமில்லை. வராதவராக இருந்தால் நிலைமை வேறு. கர்ப்ப காலத்தில் சின்னம்மை கண்டால் தாய்க்கு நுரையீரல் அழற்சி ஏற்படும் ஆபத்து கூடுகிறது. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்புவரை தாய்க்குக் கொப்புளம் கிளம்பினால், பிறக்கும் குழந்தைக்கு அது மிகக் கடுமையாக வரக்கூடும். ஆகவே அவர் அன்றே தம்முடைய மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, தமக்கு முன்பு இந்த நோய் வந்ததா என்பதைச் சொல்ல வேண்டும். சந்தேகமிருந்தால் எதிர்ப்புப் பொருள் உள்ளதா என்று காட்டும் ஐ.ஜி.ஜி. இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எதிர்ப்புச் சக்தி இல்லையென்று தெரிந்தால், நோயாளியோடு தொடர்பு ஏற்பட்ட பத்து நாட்களுக்குள் தருவதற்கென்று, அந்த எதிர்ப்புப் பொருளையே நேரடியாக உடம்பில் செலுத்தும் ஒரு இம்யூனோகுளோபுலின் ஊசி இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. எல்லா ஊர்களிலும் அது கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளைத் தொடங்கலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். சின்னம்மைத் தடுப்பூசியைக் கர்ப்பிணிகளுக்குப் போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நோய் கண்ட இருவரையும் மாலைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிய அந்த முடிவைத்தான் நான் உங்கள் கல்லூரியின் உண்மையான தவறாகப் பார்க்கிறேன். அந்தப் பேருந்தில் கைக்குழந்தையோடு யார் இருந்தார்கள், புற்றுநோய் சிகிச்சைக்குப் போய்த் திரும்பிய யார் இருந்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. விடுதியிலேயே ஓர் அறையை ஒதுக்கி, முன்பு அம்மை வந்துபோன ஒருவரைத் துணைக்கு வைத்து, அருகிலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்லியிருந்தால் போதுமாக இருந்திருக்கும். வீட்டுக்கு அனுப்புவதுதான் பொறுப்பான செயல் என்று விடுதிக் காப்பாளர்கள் பலர் மனதார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையால் ஒரு விடுதியின் நோய் ஆறு ஊர்களுக்குப் போய்ச் சேருகிறது.

ஆடியிருக்கலாமா?

ஆடியிருக்கக் கூடாது என்பதே என் பதில். உங்களுக்கு அது கசக்கும் என்று தெரியும், அதனால் காரணத்தை விரிவாகச் சொல்கிறேன்.

சின்னம்மை வைரஸ் உடம்புக்குள் புகுந்த பிறகு கொப்புளம் தெரிவதற்குப் பத்து முதல் 21 நாட்கள் ஆகும். பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்தை ஒட்டி வரும். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே, அதாவது ஆள் நன்றாகச் சாப்பிட்டு, ஓடி, சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவருடைய மூச்சிலிருந்து நோய் பரவத் தொடங்கிவிடுகிறது. உங்கள் முதல் வீரருக்குக் கொப்புளம் கண்ட நாளிலிருந்து எண்ணினால், அடுத்த இருவருக்கு வந்தது பதினான்காம் நாள், போட்டி தொடங்கியது பதினாறாம் நாள், கடைசி இருவருக்கு வந்தது பதினேழாம் நாள். அந்தக் கடைசி இருவரும் உங்கள் கணக்கில் ‘திடமாக இருந்த’ பத்துப் பேருக்குள் இருந்தவர்கள். கல்லூரி அனுமதித்திருந்தால் அவர்கள் பதினாறாம் நாள் மேட்டில் (கபடி ஆடும் விரிப்பில்) இறங்கியிருப்பார்கள், வைரஸைப் பரப்பிக்கொண்டே ஆடியிருப்பார்கள், உங்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்காது.

நீங்கள் ஆடுவது கபடி என்பதையும் யோசித்துப் பாருங்கள். பாடிப் போகிறவர் முப்பது விநாடி வரை மூச்சு விடாமல் ‘கபடி கபடி’ என்று எதிரணி வீரர்களின் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டிருக்கிறார். பிடிபட்டால் நான்கைந்து பேர் அவர் மேல் விழுந்து அமுக்குகிறார்கள், தோலும் தோலும் உராய்கின்றன, வாயும் மூக்கும் ஒருவர் தோளில் ஒருவர் படுகின்றன. காற்றில் பரவும் நோய்க்கு இதைவிட வசதியான ஆட்டத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆட்டம் முடிந்தாலும் அணிகள் கலைவதில்லை. போட்டி நடத்தும் கல்லூரியின் வகுப்பறைகளில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, பக்கத்துப் பக்கத்து அறைகளில் எல்லா அணிகளும் தரையில் படுத்துறங்குவதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒருவர் சின்னம்மை நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தால் அவருக்கும் தொற்றுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 90 விழுக்காடு என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

குழந்தைகளுக்கு வரும் நோய்தானே, வந்தால் என்ன என்ற தொனியும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் சின்னம்மை பலருக்குக் குழந்தைப் பருவத்தைத் தாண்டித்தான் வருகிறது. குளிர் நாடுகளைவிட இங்கே கல்லூரி வயதில் எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் அதிகம் இருப்பதற்கு அதுவே காரணம். இதற்கான தடுப்பூசி 1974இல் ஜப்பானில் உருவாக்கப்பட்டு விட்டபோதிலும், நம் அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் அது இல்லை. தனியார் மருத்துவமனையில் பணம் கொடுத்துப் போட்டுக்கொண்டவர்கள் மட்டுமே தடுப்பூசியின் பாதுகாப்போடு இருக்கிறார்கள். பெரியவர்களுக்கு வரும்போது காய்ச்சலும் கொப்புளங்களும் கூடுதலாக இருப்பதோடு, நுரையீரல் அழற்சியும் குழந்தைகளைவிட அதிகம் வருகிறது, புகைபிடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம்.

உங்கள் கல்லூரி மட்டும்தான் இப்படி மிரண்டுபோய் நடந்துகொண்டது என்று நினைக்க வேண்டாம். 2021 மார்ச் 20 அன்று, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் ஆகப் பெரிய தொடரில், வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழக அணியில் பலருக்குக் கொரோனா உறுதியானதால், ஆட்டம் தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது அது கைவிடப்பட்டது. எதிரணியான ஓரிகன் பல்கலைக்கழகம் ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குப் போனது. மாறாக, 1998இல் வட கரோலினாவிலிருந்து ஃபுளோரிடாவுக்குப் போன ஒரு கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி, பொட்டல உணவு சாப்பிட்டுப் பலருக்கு வாந்தியும் பேதியும் கண்ட நிலையிலேயே களத்தில் இறங்கியது. அந்த உணவைத் தொட்டுக்கூடப் பார்க்காத எதிரணி வீரர்கள் சிலருக்கும் ஆட்டத்தின்போதே நோரோவைரஸ் தொற்றியது என்பது பின்னர் ஆய்வில் உறுதியாகி மருத்துவ இதழில் வெளிவந்தது. உங்கள் அணியின் பெயர் அப்படியொரு கட்டுரையில் வராமல் போனதற்காக முதல்வருக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். ஆனால் ஒரு மருத்துவரை அழைத்துவந்து பத்து நிமிடம் உங்கள் முன் பேசவைத்திருந்தால் இந்தக் கசப்பில் பாதி இருந்திருக்காது என்பதை அவரிடம் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

கூடத்தில் அடைத்ததால் வந்ததா?

இல்லை. கூடத்துக்குப் போன மூன்றாம் நாளே அந்த இருவருக்கும் கொப்புளம் கிளம்பியிருக்கிறது. பத்து நாளுக்குக் குறைந்து இந்த நோய் வெளியே தெரிவதில்லை என்பதால், அவர்களுக்குத் தொற்றியது முதல் வீரரிடமிருந்து, அதாவது பொங்கல் முடிந்து வந்த அந்த முதல் சில நாட்களில்தான். இந்த இடத்தில் கல்லூரியின் மேல் நீங்கள் சுமத்தும் பழி பொருந்தாது.

ஆயினும் கூடம் நல்ல யோசனையுமன்று. பத்துப் பேரில் யாருக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பிரிக்காமல் எல்லோரையும் ஒரே விசிறிக்குக் கீழே படுக்கவைத்ததால், இதுவரை தப்பியவர்களுக்கும் மறுபடி ஒரு வாய்ப்பைக் கொடுத்தாயிற்று. அதன் விளைவு வருமா வராதா என்பது இனிமேல்தான் தெரியும். கடைசிக் கேள்விக்கு வரும்போது இதைத் தொடர்கிறேன். கபடி மேட்டை டெட்டால் போட்டுக் கழுவி வெயிலில் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். செய்ததில் தவறில்லை, மற்றத் தோல் நோய்களுக்கு அது நல்லதும்கூட. ஆனால் இந்த வைரஸ் முக்கியமாகப் பரவுவது மூச்சுக் காற்றாலும் கொப்புள நீராலும்தான். மேட்டில் அது நெடுநேரம் உயிரோடிருப்பதில்லை.

மருந்தும் வேப்பிலையும்

அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகுவதையோ, நோயாளியை வேப்பிலை மேல் படுக்கவைப்பதையோ, வெளியாட்களை உள்ளே விடாமல் இருப்பதையோ நான் ஒருநாளும் தடுத்ததில்லை. மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை ஆளை வெளியே விடக் கூடாது என்ற பழக்கம், கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பக்குத் தட்டும்வரை தனித்திருக்க வேண்டும் என்று மருத்துவர்களாகிய நாங்கள் சொல்வதோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. இந்தக் கட்டுப்பாட்டை உங்கள் விடுதியைவிடக் கிராமத்து வீடுகள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கின்றன.

மருந்து கூடாது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. சின்னம்மைக்கு அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை இருக்கிறது. கொப்புளம் கண்ட முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நோயின் கடுமை குறையும். பதின்வயதினருக்கும் பெரியவர்களுக்கும் அதைத் தரும்படி நாங்கள் பரிந்துரைப்பதும் அதனால்தான். உங்கள் நண்பருக்கு அந்த நேரம் கடந்துவிட்டது, இப்போது தொடங்கிப் பெரிய பயன் இருக்காது. காய்ச்சலுக்கு பாரசிட்டமால் தரலாம். ஆஸ்பிரினைத் தரவே கூடாது, இபுபுரூஃபனையும் தவிர்ப்பது நல்லது. நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும், ஏனென்றால் சொறிந்து புண்ணாகிச் சீழ் வைப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் சிக்கல். உப்பும் புளியும் நிறுத்தி வெறும் கஞ்சியாகக் கொடுக்க வேண்டியதில்லை, பசித்ததைச் சாப்பிடலாம். இருமல், மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, விடாத வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம், நடையில் தள்ளாட்டம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அந்த வீட்டாரோடு விவாதம் செய்துகொண்டிருக்காமல், அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்படி உறுதியாகச் சொல்லுங்கள். பெரியவர் எவரிடமாவது பேச வேண்டுமென்றால், சாமியை மறுத்துப் பேசாதீர்கள். தண்ணீர் ஊற்றுவதையும் மருத்துவரைப் பார்ப்பதையும் இரண்டையும் செய்யலாம் என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

நோயை மறைத்தவர்

அந்த மனுவில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம் என்பது என் கருத்து. அவர் செய்ததில் தவறே இல்லை என்பதற்காக இதைச் சொல்லவில்லை, உங்கள் அணி அவர் மேல் சுமத்துகிற குற்றம் அளவு தவறியிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

முதல் நாள் கொப்புளத்தைப் பார்த்து அது சின்னம்மைதான் என்று சொல்வது சில நேரம் எங்களுக்கே கடினம். கொசுக்கடி போலவும் வேர்க்குரு போலவும் இரண்டு மூன்று சிவப்புப் புள்ளிகள் இருக்கும், மறுநாள்தான் பனித்துளி ஒட்டியது போல நீர் கோக்கும். அவர் முதல் புள்ளியைப் பார்த்தவுடன் ஓடிவந்து சொல்லியிருந்தாலும், அதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அதே அறையில் படுத்து, அதே தண்ணீர்ப் பாட்டிலில் குடித்து, உங்களுக்கு அவர் தொற்றைக் கொடுத்திருக்கக்கூடும். நான்கு பேருக்கும் நோய் வந்ததற்கு அவர் மறைத்ததே காரணம் என்று சொல்ல எவராலும் முடியாது. காய்ச்சலோடு மேட்டில் இறங்கியது தவறு, அது ஆபத்தைக் கூட்டியது, அதை அவரிடம் நேரில் சொல்லத்தான் வேண்டும்.

அவர் மறைத்ததால் உண்மையில் நீங்கள் இழந்தது வேறொன்று. சின்னம்மை நோயாளியோடு தொடர்பு ஏற்பட்ட மூன்று நாட்களுக்குள், அதிகம் போனால் ஐந்து நாட்களுக்குள், தடுப்பூசி போட்டுக்கொண்டால் நோய் வராமலே போகலாம், வந்தாலும் லேசாக வரும். இரண்டாம் நாளே உங்கள் உடற்கல்வி இயக்குநருக்குச் செய்தி தெரிந்திருந்தால், முன்பு நோய் வராதவர்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி உறுதியானவர்களைக் கொண்டு ஏழு பேரைத் தேர்ந்திருக்கலாம். போட்டி நடத்துபவர்களிடம் முன்கூட்டியே பேசி, உங்கள் ஆட்டங்களைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கையில் இருந்த அந்த இரண்டு வாரம் யாருக்கும் தெரியாமலே கரைந்துபோய், கடைசி இரண்டு நாளில் முதல்வரின் முன் விலகுவதைத் தவிர வேறு வழியே இல்லாமல் போயிற்று.

அந்த இரண்டு வாரத்தைக் கரைத்ததில் அவர் மட்டுமா பங்காளி? பத்து நாள் கழித்து முகத்தில் புதுத் தழும்புகளோடு ஒருவர் திரும்பி வருகிறார். விடுதிக் காப்பாளர் பார்க்கிறார், பயிற்சியாளர் பார்க்கிறார், நீங்களும் பார்க்கிறீர்கள், ஒருவரும் கேட்கவில்லை. அவர் ஏன் சொல்லவில்லை என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. ‘அவன் லெஃப்ட் கார்னர் சார், போன மாதம்தான் முதல் ஏழில் வந்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நாள் பயிற்சிக்கு வராவிட்டால் இடம் போய்விடும் என்ற அச்சம் ஓர் அணியில் இருக்கும்வரை, அடுத்த முறையும் யாரோ ஒருவர் ஜெர்சிக்குள் எதையாவது மறைத்துக்கொண்டுதான் வருவார். காய்ச்சலுக்காக ஒதுங்கியவரின் இடம் அவர் திரும்பும்வரை அவருக்கே என்று நீங்களும் உங்கள் பயிற்சியாளரும் வெளிப்படையாக அறிவிப்பது, அந்த மனுவைவிட உங்கள் அணிக்குப் பயன் தரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோய் வந்து போன அவரால் இனி எவருக்கும் சின்னம்மை பரவாது. அவரைத் தனித்தட்டில் சாப்பிடவைப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.

மூன்று வாரம் கழித்து வரும் போட்டி

போகலாம், ஆனால் நிபந்தனைகளோடு.

உங்கள் பன்னிரண்டு பேரில் ஐந்து பேருக்கு நோய் வந்துவிட்டது. நீங்கள் உட்பட நான்கு பேர் சிறுவயதிலேயே வந்ததாகச் சொல்கிறீர்கள். மூன்று பேருக்கு நினைவில்லை. முதலில் அந்த நால்வரும் வீட்டுக்குப் பேசி, வந்தது எந்த அம்மை என்று அம்மாவிடமோ பாட்டியிடமோ கேளுங்கள். தட்டம்மை, மணல்வாரி, பொன்னுக்கு வீங்கி எல்லாவற்றையும் நம் வீடுகளில் ‘அம்மை போட்டது’ என்றே சொல்லிவிடுகிறார்கள், அவை எவையும் சின்னம்மையிலிருந்து பாதுகாப்புத் தராது. உடம்பில் நீர் கோத்த கொப்புளங்கள் கிளம்பி, காய்ந்து, பக்கு உதிர்ந்ததாகச் சொன்னால் நம்பலாம். தயக்கமாகச் சொன்னால் அவரை மற்ற மூவரோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நினைவில்லாத அந்த மூவருக்கும் ஐ.ஜி.ஜி. பரிசோதனை செய்துகொள்வதே மிக எளிய வழி. எதிர்ப்புச் சக்தி இருப்பதாக முடிவு வந்தால் மறுநாளே பயிற்சிக்கு வரலாம். இல்லையென்றால், உங்களுக்குத் தனியாக எழுதியபடி, ஐந்து நாள் கெடுவுக்குள் தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டிருக்க வேண்டும். கெடு தாண்டியிருந்தாலும் போட்டுக்கொள்ளலாம், இந்தத் தொற்றுக்கு இல்லாவிட்டாலும் அடுத்ததற்கு உதவும். இரண்டாம் தவணை குறைந்தது நான்கு வாரம் கழித்து. இரண்டுக்கும் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்பதால், விளையாட்டு நிதியிலிருந்து அதைத் தரும்படி உடற்கல்வி இயக்குநரிடம் கேளுங்கள். ஒரு தொடருக்குப் போய்வரும் வேன் வாடகையைவிட அது பெரிதாக இருக்காது.

தடுப்பூசி போட்டாலும் போடாவிட்டாலும், எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் கடைசி நோயாளிகள் கூடத்தை விட்டுப் போன நாளிலிருந்து 21 நாள் அணியோடு சேரக் கூடாது. உங்கள் தேதிகளை வைத்துப் பார்த்தால் அது அழைப்புப் போட்டிக்கு மூன்று நாள் முன்பு முடிகிறது. அதுவரை அவர்கள் மூவரும் ஒருவரோடு ஒருவரும் தங்காமல் தனித்தனி அறைகளில், முன்பு நோய் வந்தவர்களோடு இருக்கட்டும். இல்லையேல் ஒருவருக்கு வந்தால் மற்ற இருவருக்கும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தனியாக ஓடலாம், உடற்பயிற்சி செய்யலாம். யாருக்காவது காய்ச்சலோ ஒரு புள்ளியோ தெரிந்தால் அந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும்.

நோயிலிருந்து எழுந்தவர்கள், எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து, புதிதாக எதுவும் கிளம்பாமல், காய்ச்சல் முழுதாக விட்ட பிறகுதான் களத்துக்குத் திரும்பலாம். பக்குத் தட்டிய புண்ணால் அடுத்தவருக்கு வைரஸ் தொற்றாது. ஆனால் மேட்டில் உராய்ந்து அது பெயர்ந்தால் சீழ் பிடிக்கும், ஆகவே பக்கு உதிரும்வரை பிடி பயிற்சி வேண்டாம். முதல் சில நாள் நடை, பிறகு மெல்லோட்டம், பிறகு தனிப் பயிற்சி, அதன் பிறகே பாடிப் போவது என்று ஏறுங்கள். ஓடும்போது முன்பில்லாத அளவுக்கு இரைத்தாலோ இருமினாலோ மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இருவரும் அந்தப் போட்டிக்கு முழுத் திடத்தோடு வருவார்கள் என்று எதிர்பார்த்து அணியை அமைக்காதீர்கள்.

கடைசியாகக் காகித வேலை. மண்டலப் போட்டியின் பதிவில் உங்கள் கல்லூரி ‘வரவில்லை, எதிரணிக்கு வாக்ஓவர்’ என்று இருக்கிறதா, ‘மருத்துவக் காரணத்தால் முன்கூட்டியே விலகியது’ என்று இருக்கிறதா என்பதை உடற்கல்வி இயக்குநர் மூலம் பாருங்கள். முன்னது என்றால், மருத்துவச் சான்றுகளை இணைத்துத் திருத்தக் கோரிக் கல்லூரி எழுதலாம். பல்கலைக்கழக அணித் தேர்வில் மண்டலப் போட்டி ஆட்டத்தைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள் என்பது உங்கள் கவலை. இறுதியாண்டில் இருப்பதால் தனித் தேர்வு ஒன்றுக்கு அனுமதிக்கும்படி இதே சான்றுகளை வைத்துக் கேட்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இருக்காது, ஆனால் வாயால் சொன்ன வேண்டுகோளைவிட எழுத்தில் போன வேண்டுகோளுக்கு மதிப்பு உண்டு. நோய் வந்த ஐவரும் ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, வகுப்புக்கு வராத நாட்களுக்கான மருத்துவ விடுப்பை இந்த வாரமே எழுதிக்கொடுக்கட்டும். 75 விழுக்காடு வருகைக் கணக்கு ஏப்ரல் தேர்வு நேரத்தில்தான் தலைதூக்கும். அப்போது போய்ப் பிப்ரவரி மாதச் சான்றிதழைக் கேட்டால் எந்த மருத்துவரும் எழுதித் தரமாட்டார், நானும் தரமாட்டேன்.